மண் தட ரேஸ் காருக்கு இலகு கிளட்ச்: எடையைவிட விட்டம் ஏன் முக்கியம்

அமெரிக்காவின் மண் தட ரேஸ்களில் ஓடும் கார்களுக்குக் கிளட்ச் தேடுகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது எடைதான். ஒரு கிளட்ச் நாலரை கிலோ என்பார்கள், இன்னொன்று மூன்று கிலோ என்பார்கள். மூன்று கிலோதான் நல்லது என்று நினைப்பது இயல்பு. ஆனால் 1,000 கிலோவுக்கு மேல் எடையுள்ள காரில் ஒன்றரை கிலோ குறைந்தால் என்ன ஆகிவிடும் என்ற கேள்வியும் கூடவே வரும். இரண்டு எண்ணமும் பாதி சரி. கிளட்சில் குறையும் எடை, இருக்கையிலோ பம்பரிலோ குறையும் எடையைப் போன்றதில்லை. அதே சமயம், ஓர் அளவுக்குக் கீழே போனால் கிடைக்கும் லாபம் மிகச் சொற்பம், தொல்லைதான் அதிகம். அந்த அளவு எங்கே இருக்கிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

முதலில், இது எந்த மாதிரி ரேஸ்

இங்கே பேசுவது முட்டை வடிவக் களிமண் தடம். ஒரு சுற்று கால் மைலிலிருந்து அரை மைல் வரை இருக்கும். ஒஹாயோ மாநிலத்தில் 1954 முதல் இயங்கும் எல்டோரா ஸ்பீட்வே, அயோவாவின் நாக்ஸ்வில் ரேஸ்வே இரண்டும் அரை மைல் தடங்கள். எல்டோராவில் 1971 முதல் நடக்கும் 'வேர்ல்டு 100' என்ற லேட் மாடல் (ரேஸுக்கென்றே செய்த, சக்கரங்களை உடல் மூடிய கார் வகை) ரேஸ் 100 சுற்று. எல்லாத் திருப்பமும் இடப்பக்கம்தான். பின்சக்கரம் சறுக்கியபடியே கார் திரும்பும்.

கிளட்ச் விஷயத்தில் மறக்கக் கூடாத சங்கதி ஒன்று உண்டு. இந்த ரேஸ்கள் நின்ற இடத்திலிருந்து தொடங்குவதில்லை. எல்லாக் கார்களும் வரிசையாக மெதுவாக ஓடிவந்து, பச்சைக் கொடி விழுந்ததும் வேகமெடுக்கும். விபத்து நடந்து மஞ்சள் கொடி காட்டினாலும், மறுபடி தொடங்குவது அதே மாதிரி ஓடிக்கொண்டேதான். ரேஸ் நடக்கும்போது கியர் மாற்றும் வேலையும் இல்லை. ஒரே கியரில், பெரும்பாலும் 1:1 நேர் கியரில், கடைசி வரை ஓட்டுவார்கள்.

அப்படியானால் ஓட்டுநர் கிளட்ச் மிதியை எப்போது மிதிப்பார்? நிறுத்துமிடத்திலிருந்து கிளம்பும்போது, கார் சுழன்று நின்றுவிட்டால், திரும்பி வந்து நிறுத்தும்போது. ஓர் இரவில் விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்ற நேரமெல்லாம் கிளட்ச் எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு சுற்றும் ஓர் இரும்புக் கட்டி மட்டுமே. இந்தப் பகுதியைப் பிடித்துக்கொண்டால் மீதிக் கணக்கு எளிது: மண் தடத்தில் கிளட்சை முக்கியமாக ஒரு சுழலும் எடையாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அது சரியாகப் பிடிக்க வேண்டும், உடையக் கூடாது என்பவை அதற்கு முன்பே தாண்டிவிட வேண்டிய நிபந்தனைகள்.

இதே காரணத்தால் ரேலி கார்களைப் பார்த்து மண் தடக் காருக்குக் கிளட்ச் வாங்குவது தவறு. ரேலியும் மண்ணில்தான் ஓடுகிறது. ஆனால் அங்கே ஒவ்வொரு கட்டமும் நின்ற இடத்திலிருந்து, முழு ஆக்ஸிலரேட்டரில் தொடங்குகிறது. அந்தக் கிளட்ச் சுமக்கும் சூடே வேறு.

இன்னொரு முனையில் ஸ்பிரின்ட் கார், அதாவது சக்கரங்கள் வெளியே தெரியும் சின்ன ரேஸ் கார், இருக்கிறது. 410 கன அங்குல எஞ்சின், சுமார் 900 குதிரைத்திறன். அதில் கிளட்சே கிடையாது. கியர்பாக்ஸும் இல்லை, ஸ்டார்ட்டரும் இல்லை. வேறொரு வண்டி பின்னால் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். கிளட்ச் இல்லாமலே ரேஸ் ஓட முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. லேட் மாடல், மாடிஃபைடு (முன்சக்கரம் வெளியே தெரியும் கார்), ஸ்ட்ரீட் ஸ்டாக் (சாலைக் காரை மாற்றிச் செய்தது) வகைகளில் கார் தன் சொந்த பலத்தில் நின்று கிளம்ப வேண்டும், ரிவர்ஸும் வேண்டும் என்று விதிகள் பொதுவாகக் கேட்கின்றன. அதனால்தான் அங்கே கிளட்ச் வேண்டியிருக்கிறது.

உள்ளே இருக்கும் பாகங்கள்

சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்.

1. ஃபிளைவீல்: எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் போல்ட் போட்டிருக்கும் சக்கரம். பழைய பம்புசெட் ஆயில் எஞ்சினின் பக்கவாட்டில் சுற்றும் பெரிய சக்கரத்தின் சின்னத் தம்பி.
2. கிளட்ச் பிளேட்: இருபுறமும் உராய்வுப் பொருள் ஒட்டிய தட்டு. கியர்பாக்ஸுக்குள் போகும் தண்டின் பற்களில் கோத்திருக்கும்.
3. பிரஷர் பிளேட்: ஸ்பிரிங் விசையால் கிளட்ச் பிளேட்டை ஃபிளைவீலோடு சேர்த்து அழுத்துவது.
4. ரிலீஸ் பேரிங்: மிதியை மிதித்தால் அந்த ஸ்பிரிங்கைத் தள்ளி அழுத்தத்தை விடுவிப்பது.
5. பெல் ஹவுசிங்: இவை அனைத்தையும் மூடியிருக்கும் மணி வடிவக் கூடு.

சாதாரண செவர்லே வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினில் ஃபிளைவீலின் வெளிவிட்டம் 14 அங்குலம் அல்லது அதைவிடக் கொஞ்சம் சிறியது. கிளட்ச் பிளேட் பத்தரை அங்குலம் சுமாருக்கு ஒன்றே ஒன்று. ரேஸ் கிளட்ச் இதை வேறு வழியில் செய்கிறது. பெரிய தட்டு ஒன்றுக்குப் பதில் 7.25 அங்குலம் அல்லது 5.5 அங்குலத் தட்டுகள் இரண்டு மூன்றை அடுக்கி வைக்கிறார்கள். அடியில் இருக்கும் ஃபிளைவீலும் அதே அளவுக்குச் சுருங்குகிறது. அதைப் 'பட்டன் ஃபிளைவீல்' என்பார்கள். அமெரிக்காவின் டில்டன், குவார்ட்டர் மாஸ்டர் ஆகிய நிறுவனங்கள் இந்த வகையில் பெயர் பெற்றவை.

சுழலும் எடையின் கணக்கு

தையல் மெஷினின் கைச்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். எடை எவ்வளவு என்பதோடு, அது மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் சேர்ந்துதான் சக்கரத்தைச் சுற்றவும் நிறுத்தவும் வேண்டிய பலத்தைத் தீர்மானிக்கிறது. பள்ளிப் புத்தகத்தில் இதன் பெயர் நிலைமத் திருப்புத்திறன். ஒரே சீரான வட்டத் தட்டுக்கு அது, நிறையில் பாதியை ஆரத்தின் இருமடியால் பெருக்கினால் வருவது. கவனிக்க வேண்டியது அந்த இருமடியை. நிறையைப் பாதியாக்கினால் திருப்புத்திறன் பாதியாகும். ஆரத்தைப் பாதியாக்கினால், நிறை அப்படியே இருந்தாலும், கால் பங்காகிவிடும்.

தோராய எண்களை வைத்துப் பார்ப்போம்.

1. 14 அங்குல இரும்பு ஃபிளைவீல், பெரிய பிரஷர் பிளேட், ஒற்றைப் பிளேட் எல்லாம் சேர்ந்து 22 கிலோ சுமார். இதன் திருப்புத்திறன் 0.3 கிலோகிராம் சதுர மீட்டர் அளவில் வரும்.
2. 7.25 அங்குல இரட்டைப் பிளேட் கிளட்ச், பட்டன் ஃபிளைவீல், ஸ்டார்ட்டருக்கான மெல்லிய பல்சக்கரத் தட்டு சேர்ந்தால் 0.05 அளவில் நிற்கும்.
3. 5.5 அங்குலக் கிளட்ச் என்றால் 0.03 அளவு.

இந்த எண்கள் காரின் ஓட்டத்தில் என்ன பொருள் தருகின்றன? எஞ்சின் ஒரு சுற்று கூடுதல் வேகமெடுக்க, அதோடு ஒட்டிய எல்லாமும் வேகமெடுக்க வேண்டும். காரை முன்னே தள்ள வேண்டிய பலத்தில் ஒரு பகுதி அதற்குச் செலவாகிறது. அந்தச் செலவைக் காரில் ஏற்றிய கூடுதல் கிலோவாகவே மாற்றிச் சொல்லலாம்: திருப்புத்திறனை மொத்த கியர் விகிதத்தின் இருமடியால் பெருக்கி, டயர் ஆரத்தின் இருமடியால் வகுத்தால் போதும். மண் தடக் காரில் மொத்த விகிதம் 6 (சக்கரம் ஒரு சுற்று சுற்ற எஞ்சின் ஆறு சுற்று), டயர் ஆரம் 0.36 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வகையிலிருந்து இரண்டாவதுக்கு மாறினால் திருப்புத்திறனில் 0.25 குறைகிறது. கணக்குப்படி அது காரிலிருந்து கிட்டத்தட்ட 70 கிலோவை இறக்கி வைத்ததற்குச் சமம். தராசில் உண்மையாகக் குறையும் 15 கிலோ இதற்கு மேல். லேட் மாடல் காரின் எடை 2,300 பவுண்டு, அதாவது 1,040 கிலோ சுமார். வேகமெடுக்கும்போது 70 கிலோ என்பது பெரிய சங்கதி.

இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போனால்? 0.02 குறைகிறது. வரவு ஐந்தரை கிலோ.

ஒளிக்க ஒன்றுமில்லை, இந்த இரண்டு எண்களும்தான் இந்தக் கட்டுரையின் சாரம். பெரிய கிளட்சிலிருந்து 7.25 அங்குலத்துக்கு வருவது பாய்ச்சல். அங்கிருந்து 5.5 அங்குலத்துக்குப் போவது சின்ன எட்டு வைப்பதுதான். விலைப்பட்டியலில் இரண்டும் ஒரே மாதிரி 'இலகு' என்றுதான் எழுதப்பட்டிருக்கும்.

இன்னொன்றும் இதிலிருந்தே தெரிகிறது. ஒரே எடை என்று சொல்லும் இரண்டு கிளட்சுகளில், ஒன்று விளிம்பில் கனமாகவும் மற்றது நடுவில் கனமாகவும் இருந்தால் அவை ஒன்றே இல்லை. முடிந்தால் எடையைக் கேட்காமல் திருப்புத்திறனைக் கேளுங்கள்.

மண் இந்தக் கணக்கில் எங்கே குறுக்கிடுகிறது

தார்ச் சாலைத் தடமாக இருந்தால் இத்தோடு பேச்சு முடிந்திருக்கும். மண்ணில் இனிமேல்தான் தொடங்குகிறது.

மேலே சொன்ன 70 கிலோ லாபம், டயர் பிடித்துக்கொண்டு ஓடும்போது மட்டும் கிடைப்பது. மண் தடத்தின் பிடிப்போ ஒரே இரவில் மாறிக்கொண்டே இருக்கும். மாலையில் தண்ணீர் தெளித்து உருட்டிய களிமண் ஈரமாக, கனமாக, டயரைக் கவ்விப் பிடிக்கும். இரவு ஏற ஏற ஈரம் வற்றி, மேல்மண் புழுதியாகப் பறந்து, காய்ந்து இறுகிய வழவழப்பு மேலே வரும். அந்த நிலையில் 400 குதிரைத்திறன் எஞ்சினே டயரைச் சும்மா சுற்றவிடப் போதும். எஞ்சினிடம் பலம் குறைவதில்லை. அதைத் தரைக்குக் கொடுக்க வழிதான் குறைகிறது.

டயர் பிடிப்பை இழந்து சுற்றத் தொடங்கினால் அது எவ்வளவு விரைவாக ஏறும் என்பதை, எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் எல்லாவற்றின் திருப்புத்திறன் தீர்மானிக்கிறது. பின்சக்கரங்கள், அச்சு, கிராங்க் எல்லாவற்றையும் எஞ்சின் பக்கமிருந்து பார்த்தால் தோராயமாக 0.17 வரும். கனமான கிளட்ச் இருந்தால் மொத்தம் 0.47. இலகு கிளட்ச் என்றால் 0.22. அதாவது அதே தவறுக்கு, இலகு கிளட்ச் உள்ள காரில் சக்கரம் இரண்டு மடங்கு விரைவாகச் சுழன்று ஓடிவிடும். ஓட்டுநரின் வலது கால் அதற்கு ஈடாக விரைவாகவும் நுணுக்கமாகவும் இருந்தாக வேண்டும்.

காலை எடுக்கும்போதும் இதே கதைதான், தலைகீழாக. 7,000 ஆர்.பி.எம்மில் (நிமிடத்துக்கு 7,000 சுற்று) 0.3 திருப்புத்திறன் சேர்த்து வைத்திருக்கும் ஆற்றல் 80 கிலோஜூல். அதே லேட் மாடல் காரை மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வைக்கும் ஆற்றல் அது. திருப்பத்துக்குள் நுழையும்போது ஓட்டுநர் காலை எடுக்கிறார், எஞ்சின் 5,500க்கு இறங்குகிறது என்றால் அதில் 30 கிலோஜூல் எங்காவது போயாக வேண்டும். கியர் சேர்ந்தே இருப்பதால் அது பின்சக்கரத்தைத்தான் தள்ளும். கால் எடுத்த பிறகும் கார் கொஞ்சம் தள்ளிக்கொண்டே போகிற மாதிரி இருக்கும். இலகு கிளட்சில் இது வெறும் 5 கிலோஜூல். காலை எடுத்த கணமே பின்சக்கரம் கேட்டுவிடும், எடை முன்னால் சாயும், கார் திரும்பத் தொடங்கும். நல்ல ஓட்டுநருக்கு இது வரம். ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டு, சட்டென்று மிதிக்கும் பழக்கமுள்ள புதியவருக்கு இதே குணம் காரைச் சுழற்றிவிடும்.

ஆகவே என் கருத்து இது:

1. தடத்தில் ஈரமும் பிடிப்பும் நிறைந்திருந்து, எஞ்சின் பலமே எல்லையாக இருந்தால் இலகு கிளட்ச் நேரடியாகப் பிக்கப் தரும்.
2. காய்ந்து வழவழத்த தடத்தில் அது பிக்கப் தராது. கட்டுப்பாட்டை நுணுக்கமாக்கித் தரும். அந்த நுணுக்கத்தைப் பயன்படுத்தத் தெரிந்த கால் வேண்டும்.
3. முதல் ஆண்டு ஓட்டுகிற ஒருவருக்கு, நடுத்தர எடையுள்ள எஃகு ஃபிளைவீல் கொஞ்சம் அதிகமாகவே மன்னிக்கும். கிளட்சுக்கு வைத்த காசை அவர் டயருக்கும் ஷாக் அப்சார்பருக்கும் போடுவது அதிகம் பலன் தரும்.

எஞ்சினின் பலமும் இதில் சேர்த்துப் பார்க்க வேண்டியது. ஜெனரல் மோட்டார்ஸ் சீல் வைத்துத் தரும் 602 என்ற எஞ்சின் 350 குதிரைத்திறன். 604 என்பது 400. இவற்றைத் திறந்து மாற்ற விதி விடாது. இந்த வகுப்பில் எல்லோருக்கும் ஒரே எஞ்சின், ஆகவே சுழலும் எடையில் குறையும் ஒவ்வொரு பங்கும் கணக்கில் வரும். 800 குதிரைத்திறன் தாண்டிய திறந்த வகுப்பு லேட் மாடலில் பலம் ஏற்கெனவே மிச்சம். அங்கே இலகு கிளட்ச் தேடுவது காலுக்கு உடனே பதில் தரும் எஞ்சினுக்காகத்தான்.

சின்னக் கிளட்ச் பிடிக்குமா

பத்தரை அங்குலத் தட்டு செய்த வேலையை ஐந்தரை அங்குலம் எப்படிச் செய்யும் என்று சந்தேகம் வருவது நியாயம். கிளட்ச் தாங்கும் முறுக்குவிசை நான்கு எண்களின் பெருக்கல்: உராயும் பரப்புகளின் எண்ணிக்கை, உராய்வுக் குணகம், ஸ்பிரிங் அழுத்தும் விசை, சராசரி ஆரம். பரப்பளவு இதில் நேரடியாக வருவதில்லை. தட்டு ஒன்றுக்கு இரண்டு பரப்பு. ஆகவே ஆரத்தில் இழந்ததைத் தட்டுகளின் எண்ணிக்கையில் ஈடுகட்டலாம்.

உராய்வுக் குணகம் 0.3, அழுத்தம் 9,000 நியூட்டன் என்று எல்லாவற்றுக்கும் ஒன்றாக வைத்தால்:

1. 10.4 அங்குலம், ஒரு தட்டு: 580 நியூட்டன் மீட்டர் அளவு.
2. 7.25 அங்குலம், இரண்டு தட்டு: 860.
3. 7.25 அங்குலம், மூன்று தட்டு: 1,300.
4. 5.5 அங்குலம், மூன்று தட்டு: 950.

604 எஞ்சினின் உச்ச முறுக்குவிசை 400 அடி-பவுண்டு, அதாவது 540 நியூட்டன் மீட்டர். அதற்கு 580 தாங்கும் கிளட்ச் போதுமே என்று தோன்றும். போதாது. மண் தடத்தில் சக்கரம் மேட்டில் ஏறி அந்தரத்தில் சுழன்று, மறுபடி பிடிப்புள்ள மண்ணில் விழும்போது வரும் குலுக்கல் எஞ்சினின் முறுக்குவிசையைவிட அதிகம். ஒன்றரை மடங்காவது கையிருப்பு வேண்டும். அப்படிப் பார்த்தால் 604க்கு 7.25 அங்குல இரட்டைத் தட்டு சரியாகப் பொருந்துகிறது. பெரிய எஞ்சினுக்கு மூன்று தட்டு. 5.5 அங்குலம் 604ஐத் தாங்கும், பெரிய எஞ்சினுக்குப் பத்தாது.

தட்டில் ஒட்டும் பொருள் மூன்று வகை. ஆர்கானிக் மென்மையாகப் பிடிக்கும், சூட்டில் சீக்கிரம் தேயும். செம்பு கலந்து சுட்டெடுத்த சின்டர்டு உலோகம் சூட்டைத் தாங்கும், ஆனால் வெடுக்கென்று பிடிக்கும். கார்பன் மிக இலகு, மிக விலை. மேலே சொன்ன வேலை அளவுக்குச் சின்டர்டு போதும் என்பது என் எண்ணம்.

சூடு: சின்னக் கிளட்சின் பலவீனம்

மிதியைப் பாதி மிதித்தபடி, கிளட்சைச் சறுக்கவிட்டுக் காரைக் கிளப்புகிறோம். அந்தச் சறுக்கலில் எஞ்சினின் பலம் சூடாக மாறுகிறது. 2,500 ஆர்.பி.எம், 200 நியூட்டன் மீட்டர், மூன்று விநாடி சறுக்கல் என்று வைத்தால் 157 கிலோஜூல். இருபது கிலோ இரும்புக் கிளட்ச் அதை வாங்கிக்கொண்டு சராசரியாக 17 டிகிரி சூடேறும். சூட்டை வாங்கும் எஃகு மூன்று கிலோ மட்டுமே உள்ள சின்னக் கிளட்ச் 100 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். உராயும் மேற்பரப்பில் இதைவிடப் பல மடங்கு அதிகம். இரண்டு மூன்று முறை அடுத்தடுத்து இப்படிச் செய்தால் உராய்வுத் தட்டுகளுக்கு இடையே இருக்கும் எஃகு நடுத் தட்டுகள் வளைந்து, மிதியை முழுதாக மிதித்தாலும் கிளட்ச் விடாமல் இழுக்கும்.

கார் தொடங்குவது ஓடிக்கொண்டே என்பதால் ரேஸில் இந்தச் சூடு வராது. வருவது நிறுத்துமிடத்தின் சேற்றில், டிரெய்லரில் ஏற்றும்போது, சரிவில் காரை மெல்ல நகர்த்தும்போது. அதற்கு மருந்து எளிது: குறைந்த கியரில் போட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாத குறையாக, ஒரு விநாடிக்குள் மிதியை முழுதாக விட்டுவிட வேண்டும். டிரெய்லரில் ஏற்றக் கையால் தள்ளலாம், வின்ச் வைத்து இழுக்கலாம்.

கிளட்சைக் கியர்பாக்ஸுக்குள் வைத்துவிட்டால்

லேட் மாடல், மாடிஃபைடு கார்களில் பெர்ட், பிரின் என்ற பெயர்களில் வரும் ரேஸ் கியர்பாக்ஸுகள் அதிகம் புழங்குகின்றன. இவற்றில் வெளியே தனிக் கிளட்சும் கனமான ஃபிளைவீலும் கிடையாது. சின்னக் கிளட்ச் அடுக்கு கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. கிளம்பும்போது மட்டும் அது வேலை செய்யும். மேல் கியரில் போட்டதும் எஞ்சினும் பின்னால் போகும் தண்டும் நேரடியாகப் பூட்டிக்கொள்ளும். சுழலும் எடையில் இதைவிடக் குறைவாகப் போவது கடினம். உங்கள் வகுப்பு இதை அனுமதித்தால், வெளிக் கிளட்சை 7.25ஆ 5.5ஆ என்று அலசுவதற்கு முன் இந்த வழியை விலை விசாரித்துவிடுங்கள். ஒரு பழக்கம் மட்டும் மாற வேண்டும்: கார் சுழன்றால் உடனே கியரிலிருந்து எடுத்தாக வேண்டும், தவறினால் எஞ்சின் அணைந்துவிடும்.

மலிவான வகுப்புகளில் பவர்கிளைடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் எண்ணெய் வழியாகப் பலத்தைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரைக் கழற்றி, நேர் இணைப்புப் போட்டு, எண்ணெய் அழுத்தத்தைத் திறந்துவிடும் வால்வையே கிளட்ச் மாதிரி பயன்படுத்துவதும் உண்டு.

உடைந்தால் என்ன ஆகும்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். 14 அங்குல ஃபிளைவீல் 7,000 ஆர்.பி.எம்மில் சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு 470 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் விளிம்பைப் பிய்த்துக்கொள்ளப் பார்க்கும் இழுவிசை சதுர மில்லிமீட்டருக்கு 120 நியூட்டன் அளவில் வரலாம். சாதாரண வார்ப்பிரும்பு 150 முதல் 250 வரைதான் தாங்கும். சூட்டில் விழுந்த மயிரிழை வெடிப்பு ஒன்று இருந்தால் மீதியைக் கேட்கவே வேண்டாம். ஃபிளைவீல் இருக்குமிடம் ஓட்டுநரின் கால்களுக்குப் பக்கத்தில்.

வார்ப்பிரும்பு ஃபிளைவீலைக் கடைசலில் கொடுத்துச் சீவி இலகுவாக்குவது சிலர் செய்யும் சிக்கன வழி. அதைச் செய்யவே கூடாது. எஃகில் செய்து, எஸ்எஃப்ஐ (ரேஸ் பாகங்களுக்குப் பாதுகாப்புத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பு) சான்று பெற்ற ஃபிளைவீலும் கிளட்சும் வாங்குங்கள். ஒற்றைத் தட்டு வகைக்கு 1.1 என்ற எண் அந்தச் சான்றில் இருக்கும், பல தட்டு வகைக்கு வேறு எண். வெடித்தால் துண்டுகளை வெளியே விடாத பெல் ஹவுசிங்குக்கு 6.1. சிறிய விட்டம் இங்கும் கைகொடுக்கிறது: எட்டரை அங்குல வெளிவிட்டம் என்றால் அந்த இழுவிசை மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். இலகு கிளட்ச் வாங்க இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

வாங்கும்போது கேட்க வேண்டியவை, இந்த வரிசையில்

1. விதி என்ன சொல்கிறது? பல ஸ்ட்ரீட் ஸ்டாக் வகுப்புகள் பெரிய ஒற்றைத் தட்டையும் எஃகு ஃபிளைவீலையும் கட்டாயமாக்குகின்றன. தடத்துக்குத் தடம் இது மாறும். அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

2. கிராங்க் எந்த வகை? அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. செவர்லே சின்ன வி8இல் 1986க்கு முந்தையவற்றின் பின்புற ஆயில் சீல் இரண்டு துண்டு, போல்ட் வட்டம் 3.58 அங்குலம். 1986 முதல் ஒரே துண்டு சீல், போல்ட் வட்டம் 3 அங்குலம். மாற்றிப் போட முடியாது. அதோடு, ஒரே துண்டு சீல் உள்ள எஞ்சினைச் சமன்செய்யும் எடையின் ஒரு பகுதி ஃபிளைவீலில்தான் இருக்கிறது. 602 இந்த வகை. எடை இல்லாத வட்டமான பட்டன் ஃபிளைவீலை அதில் போட்டால் எஞ்சின் அதிர்ந்து பேரிங்கைத் தின்றுவிடும். சீல் வைத்த எஞ்சின் என்பதால் கிராங்கை வெளியே எடுத்துச் சமன்செய்யவும் முடியாது. 602க்கென்றே எதிரெடை வைத்துச் செய்ததைக் கேட்டு வாங்க வேண்டும். பழைய 400 கன அங்குல எஞ்சினுக்கும் இதே எச்சரிக்கை.

3. கியர்பாக்ஸ் தண்டில் எத்தனை பல்? சாகினா போன்ற பழைய கியர்பாக்ஸில் 10 பல் வரும், வேறு சிலவற்றில் 26. கிளட்ச் பிளேட்டின் நடுத்துளை அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

4. ஸ்டார்ட்டர் எங்கே கடிக்கும்? பெரிய ஃபிளைவீலின் விளிம்புப் பல்லில்தான் வழக்கமான ஸ்டார்ட்டர் கடிக்கிறது. பட்டன் ஃபிளைவீலுக்குப் போனால் தனிப் பல்சக்கரத் தட்டு வேண்டும், அல்லது ஸ்டார்ட்டரைப் பின்பக்கமாக மாட்டும் பெல் ஹவுசிங் வேண்டும். கிளட்சின் விலையோடு இதையும் கூட்டிப் பாருங்கள்.

5. முறுக்குவிசைக் கையிருப்பு ஒன்றரை மடங்கு இருக்கிறதா?

6. இவ்வளவும் சரி என்றான பிறகு, விட்டமும் திருப்புத்திறனும். 602, 604 வகுப்பில் பெரும்பாலோருக்கு 7.25 அங்குல இரட்டைத் தட்டில் நின்றுவிடலாம் என்பதே என் பரிந்துரை. 5.5 அங்குலம் தரும் ஐந்தரை கிலோவுக்காகச் சூட்டுத் தொல்லையை வரவழைத்துக்கொள்வது, காரை எப்போதும் தானே நகர்த்துகிற, தானே பராமரிக்கிற அனுபவமுள்ள குழுவுக்கு மட்டும் சரிப்படும்.

பொருத்தும்போது

சின்னக் கிளட்ச் கெட்டுப்போவதற்கு ரேஸைவிடப் பொருத்துவதில் நேரும் பிழைகளே காரணமாகின்றன. இதன் ஸ்பிரிங்கை விடுவிக்கச் சில மில்லிமீட்டர் தள்ளினால் போதும். சாதாரணக் காரின் மிதி அதைவிட அதிகம் தள்ளும். அதிகம் தள்ளினால் டயஃப்ரம் ஸ்பிரிங்கின் (பிரஷர் பிளேட்டில் உள்ள தட்டு வடிவ ஸ்பிரிங்) விரல்கள் வளைந்து, அழுத்தும் விசை நிரந்தரமாகக் குறைந்துவிடும். ஆகவே மிதிக்கு அடியில் தடுப்பு போல்ட் ஒன்று வைத்து, கிளட்ச் விடுபடும் இடத்தைத் தாண்டி மிகக் கொஞ்சம் மட்டுமே போகும்படி அமைக்க வேண்டும். மறுபக்கம், மிதியைத் தொடாதபோது ரிலீஸ் பேரிங்குக்கும் விரல்களுக்கும் நடுவே கிளட்ச் நிறுவனம் சொன்ன இடைவெளி இருக்க வேண்டும். தட்டுகள் தேயத் தேய விரல்கள் பேரிங்கை நோக்கி வரும், இந்த இடைவெளி சுருங்கும். அது முற்றிலும் போய்விட்டால் பேரிங்கே ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டிருக்கும், கிளட்ச் சறுக்கத் தொடங்கும்.

ஒவ்வொரு சில ரேஸுக்கும் ஒருமுறை கழற்றி, தட்டுகளின் தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்து எழுதி வையுங்கள். தேய்மானத்துக்கு விட்டிருக்கும் இடம் மில்லிமீட்டரின் சிறு பங்குதான், கண்ணால் தெரியாது. நடுத் தட்டுகளைத் தட்டையான கண்ணாடி மேல் வைத்து, வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தால் சூடேறியிருக்கிறது. பெல் ஹவுசிங்குக்குள் புகுந்த களிமண் தூளைக் காற்றடித்து எடுத்துவிடுங்கள், தண்ணீர் பீய்ச்சாதீர்கள். ஈரக் களிமண் தட்டுகளின் பற்களுக்கு நடுவே காய்ந்து இறுகினால், அடுத்த ரேஸ் இரவில் முதல் முறை மிதியை மிதிக்கும்போது தட்டுகள் பிரியாது.